கோமதி மேடமும் ஒரு பேரல் ஆயிலும்

பணி ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் எங்கள் சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் என்னை வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு சண்டை. புதிதாக வந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் ஆயில் மெல்லிசு, பத்து டபிள்யூ முப்பது. அதை ஊற்றும்போது பக்கத்தில் நின்ற கஸ்டமர் தடுத்துவிட்டாராம். இது தண்ணீர் மாதிரி இருக்கிறது, என் பழைய வண்டிக்கு ஊற்றிய கெட்டி ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மெக்கானிக்குகளிலேயே பாதிப் பேர் அவர் கட்சி. கடைசியில் ஒருவன், 'சுடலை அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?' என்று கேட்டு என்னை உள்ளே இழுத்துவிட்டான்.

என் பதில் சின்னதுதான். வண்டியோடு வரும் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். புது இன்ஜின்களில் ஆயில் ஓடும் வழிகள் சன்னமானவை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மெல்லிய ஆயில்தான் சட்டென்று மேலே ஏறிப் போய்ச் சேரும். இவ்வளவைத் தட்டிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் மனது அதோடு விடவில்லை. ஒரு காலத்தில் நானும் அந்தக் கஸ்டமர் பக்கம்தான் நின்றிருப்பேன். என்னை அங்கிருந்து இந்தப் பக்கம் கூட்டி வந்தவர் கோமதி மேடம். குழுவில் இருக்கும் பலர் அவரைப் பார்த்ததில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கதை அதிகம் இல்லை. ஊர் செய்துங்கநல்லூர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். அது டூ-ஸ்ட்ரோக் காலம். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். புகையின் நிறத்தைப் பார்த்துக் கூடவா குறைச்சலா என்று சொல்லுவோம். அந்த வண்டிகள் மறைந்து நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகியபோது, வண்ணார்பேட்டையில் ஒரு டீலர் சர்வீஸ் சென்டர் தொடங்கினார். அங்கே போனவன் தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

அப்போதெல்லாம் ஆயில் என்பது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. கம்பெனி ஆயில் தீர்ந்தால் கடையில் கிடைப்பது. கஸ்டமர் கேட்டால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்துக் காட்டி, 'நல்லா கொழகொழன்னு இருக்கு பாருங்க' என்போம். அவரும் திருப்தியாகப் போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் கோமதி மேடம் சர்வீஸ் மேனேஜராக வந்தார். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, கோயம்புத்தூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். பொம்பளைப் பிள்ளை வந்து நமக்கு என்ன சொல்லப் போகிறது என்று ஒர்க்ஷாப்பில் முணுமுணுப்பு இருந்தது. முதல் வாரம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. எங்களைப் போலவே சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக நின்று பார்த்தார். யாராவது போல்ட்டைத் தேடினால் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆயில் மாற்றுவதிலிருந்து தொடங்கினார்.

அவர் சொன்ன முறை இன்றும் என் கையில் இருக்கிறது. ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். ஆறிவிட்டால் கசடு அடியில் தங்கிவிடும். வடித்த ஆயிலை நேராகக் கழிவுத் தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பயமில்லை, அழுக்கை வாரிக்கொண்டு வருவது ஆயிலின் வேலை. மினுமினுவென்று பொடி தெரிந்தால் எங்கோ இரும்பு தேய்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிக்கும் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். புது ஆயிலை ஊற்றிய பிறகு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கும்வரை பொறுத்து, வண்டியை நேராக நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, அந்தந்த வண்டியின் புத்தகம் சொன்னபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அளவு பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல மாட்டார். பேசாமல் வந்து வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஏதாவது தப்பு நடந்தால் 'யார் செஞ்சது' என்று கேட்க மாட்டார். 'எப்படி நடந்துச்சு' என்று கேட்பார். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் முதல் கேள்விக்கு நாங்கள் பொய் சொல்லிப் பழகியிருந்தோம். இரண்டாவது கேள்விக்கு உண்மை தானாக வந்துவிடும்.

கஸ்டமர்களிடமும் அப்படித்தான். எந்த ஆயில் நல்லது என்று வந்து நிற்பவரிடம் எடுத்த எடுப்பில் பதில் சொல்ல மாட்டார். என்ன வண்டி, எங்கே ஓடுகிறது, என்ன சுமக்கிறது என்று கேட்பார். வீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லுவார். பழைய வண்டி வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடையிலேயே விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில்தான் வேண்டும் என்றார். வண்டி பள்ளிக்கூடத் தெருவிலிருந்து கோயிலுக்குப் போய்த் திரும்புவதோடு சரி. சாதாரண ஆயிலே போதும், அதை நேரத்துக்கு மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பினார். வாத்தியாருக்கு முதலில் மனத்தாங்கல். அப்புறம் எங்களிடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டதில்லை.

காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வந்தது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். தம்பியின் புது பைக்குக்கு ஊற்றுவதற்காக அங்கிருந்தே ஒரு டப்பா ஆயில் வாங்கி, பெட்டியில் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். டப்பாவைப் பார்த்தாலே கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும், அப்படி ஒரு பளபளப்பு. மேடம் அதை வாங்கி, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நிதானமாகப் படித்தார். பிறகு இதை பைக்கில் ஊற்ற வேண்டாம் என்று சொன்னார்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அங்கன எவ்வளவு பெரிய காருக்கெல்லாம் இதத்தான் ஊத்துதாங்க தெரியுமா?" என்றார்.

"அதனாலதான் காக்கா வேண்டாங்கேன்" என்றார் மேடம். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு கழற்றி வைத்திருந்த ஒரு கிளட்சை அவர் முன்னால் வைத்து விளக்கினார். காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினுக்கு மட்டும். கிளட்ச் தனியாக, காய்ந்த இடத்தில் இருக்கிறது. நம் பைக்கில் அப்படி இல்லை. இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. தட்டும் தட்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். கார் ஆயிலில் உராய்வைக் குறைப்பதற்கென்றே ஒரு மருந்து கலந்திருப்பார்கள். அது காருக்கு லாபம், மைலேஜ் கூடும். பைக்கில் ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். கியர் உள்ள பைக்குக்கு டப்பாவின் பின்னால் எம்.ஏ. என்று ஒரு சின்ன முத்திரை இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. என்று வேறு முத்திரை. காயல்காரர் கிளட்ச் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், வாப்பாவின் காருக்கு ஊற்றிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்துப் போனார்.

இதற்குச் சில மாதம் கழித்து எங்கள் இடத்திலேயே அந்த வினை வந்தது.

மேடத்தையும் என்னையும் மதுரையில் ஒரு கம்பெனிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் இல்லாத அந்த நாட்களில் சென்டரில் இலவச சர்வீஸ் முகாம் நடந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆயில் தீர்ந்துபோயிற்று. முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் கார் சர்வீஸ் நடத்துபவர். அவரிடமிருந்து ஒரு பேரல் உயர்ந்த ரக ஆயிலை வரவழைத்து, வந்த வண்டிகளுக்கெல்லாம் அதையே ஊற்றச் சொல்லியிருக்கிறார். மலிவுச் சரக்கைத் தலையில் கட்டும் ஆள் அவர் இல்லை. நம்மை நம்பி வருகிறவர்களுக்கு உயர்ந்ததாகவே கொடுப்போம் என்றுதான் செய்தார்.

நாங்கள் திரும்பி வந்த அன்று ஒரு பைக் வந்தது. இன்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை என்றார் ஓட்டி வந்தவர். கிளட்ச் கேபிள் இறுக்கமாக இருக்கும் என்று தளர்த்திக் கொடுத்தேன். மறுநாள் அதே புகாரோடு இரண்டு வண்டிகள். மேடம் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணாச்சி, முகாம்ல என்ன ஆயில் ஊத்துனாங்க?" என்று கேட்டார்.

பின்கட்டில் அந்தப் பேரல் காலியாக நின்றது. மேடம் குனிந்து அதன் மேலிருந்த எழுத்தைப் படித்தார். படித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. "விலை உசந்த சரக்கும்மா அது" என்றார்.

"நல்ல ஆயில்தான் சார். காருக்கு" என்றார் மேடம். காயல்காரரிடம் சொன்னதையே அவரிடமும் பொறுமையாகச் சொன்னார். குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. முகாமுக்கு வந்த எல்லா வண்டிகளையும் திரும்ப வரவழைத்து ஆயிலை மாற்ற வேண்டும், தட்டுகளையும் பார்க்க வேண்டும் என்றார்.

முதலாளி யோசித்தார். புகாரோடு வருபவர்களுக்குச் செய்து கொடுப்போம், மற்றவர்களுக்கு அடுத்த சர்வீஸில் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம், எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னால் நம் பேர் என்னாவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கு அப்போது பட்டது.

"மூணு பேருக்கு இங்க வச்சுத் தெரிஞ்சுட்டு சார்" என்றார் மேடம். "மத்தவங்களுக்கு ரோட்டுல வச்சுத் தெரியும். பிள்ளைய முன்னால வச்சுக்கிட்டு லாரிய முந்துத நேரத்துல ஒருத்தருக்குத் தெரியப்பிடாது."

 யோசித்துச் சொல்கிறேன் என்றார் முதலாளி. மேடம் வெளியே வந்து, அந்த அறை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் முதலாளி வெளியே வந்து, சாப்பிடவில்லையா என்று கேட்டார். நீங்கள் சொன்னதும் போகிறேன் சார் என்றார் மேடம். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. முதலாளி ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு வரவேற்பு மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் போனை நானே போடுகிறேன் என்றார். தப்பு எங்களுடையது, வண்டியை எடுத்து வாருங்கள், எல்லாம் எங்கள் பொறுப்பு என்று அவர் வாயாலேயே சொன்னார். அன்றைக்கு அவர் மேலும் எனக்கு மரியாதை கூடியது.

ஒருவர்கூட வந்து சண்டை போடவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். சிலர் போட்டார்கள். ஆனால் வந்தார்கள். பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான ஆயிலை ஊற்றி ஓடவிட்டு வடித்து, மறுபடி புதிதாக ஊற்றியதும் வழுக்கல் நின்றது. சிலவற்றுக்குத் தட்டுகள் மாற்றினோம். வராதவர் ஒரே ஒருவர். புன்னக்காயலைச் சேர்ந்த மீன் வியாபாரி மரிய சூசை.

பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி கட்டி, ஐஸில் மீனை அடுக்கி, ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோரத்து ஊர்களில் விற்பவர். மச்சினன் பாளையங்கோட்டையில் இருந்ததால் எங்களிடம் வண்டி வாங்கியிருந்தார். அவருக்குப் போன் போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டோம். பிறகு போனே அணைந்துவிட்டது. மற்றவர்கள் அவரை மறந்தே போனார்கள். மேடம் மறக்கவில்லை. எல்லாரையும்விட அதிகப் பாரம் ஏற்றுகிறவர் அவர்தான் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தட்டுகள், கேஸ்கெட், ஆயில் எல்லாம் எடுத்துக்கொண்டு, மேடம் தன் வண்டியிலும் நான் என் பழைய வண்டியிலுமாகப் புறப்பட்டோம்.

புன்னக்காயலில் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். மரிய சூசை வீட்டுக்குப் பக்கத்து மணலில் உட்கார்ந்து மாமனாரின் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் சாம்பல் கோட்டில் இருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. நாங்கள் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "ரெண்டு பெட்டிக்கு மேல ஏத்தாதீங்கன்னு வாங்கும்போதே சொன்னிய. நான் ஆசப்பட்டு மூணு பெட்டி ஏத்திட்டேன் மேடம். எம் மேலதான் தப்பு."

வண்டி இழுக்காமல் போனதும், அதிகப் பாரம் ஏற்றித் தானே வண்டியைக் கெடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். எங்கள் போன் வந்ததும் விசாரித்துச் செலவைத் தன் தலையில் கட்டத்தான் கூப்பிடுகிறோம் என்று பயந்து எடுக்கவில்லை. அவர் மனைவி ஜெசிந்தா வெளியே வந்து, இவர் சரியாகச் சாப்பிட்டே நாளாகிறது, போனைக் கடலில் போடப் பார்த்தார், நான்தான் பிடுங்கி வைத்தேன் என்றாள். வியாபாரத்தை விட்டுவிட்டு மாமனாரின் போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாராம்.

மேடம் அவரை உட்காரச் சொன்னார். தானும் மணலில் உட்கார்ந்தார். "உங்க மேல தப்பு இல்ல. நாங்க வேற ஆயில ஊத்திட்டோம். அதச் சரி பண்ணத்தான் வந்திருக்கோம்" என்றார்.

அவர் மேடத்தை நம்பவில்லை. என்னைப் பார்த்தார். "நெசமாத்தானா அண்ணாச்சி?"

நிஜம்தான் என்றேன். அவர் வலையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  ஜெசிந்தா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வண்டியை வீட்டை ஒட்டிய சாய்ப்பு ஓரத்து நிழலில் நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். முதலில் இன்ஜினைக் கொஞ்சம் சூடேற்றி ஆயிலை வடித்தேன். தீய்ந்த வாடை அடித்தது. மேடம் ஜெசிந்தாவிடம் ஒரு வாயகன்ற பாத்திரம் கேட்டு வாங்கி, அதில் சரியான ஆயிலை ஊற்றி, புதுத் தட்டுகளை ஒவ்வொன்றாக மூழ்க வைத்தார். காய்ந்த தட்டை அப்படியே மாட்டினால் முதல் இழுப்பிலேயே கருகிவிடும். அது ஊறுகிற நேரத்தில் நான் பக்க மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி, மூடியைக் கழற்றி, அதனடியில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் தாளைச் சுரண்டி எடுத்தேன்.  உராய்வுத் தட்டுகள் கண்ணாடி மாதிரி வழவழத்துக் கறுத்திருந்தன. இரும்புத் தட்டுகள் வெந்து நீலம் பாய்ந்திருந்தன. வழுக்குகிற கிளட்சோடு அந்தப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு, இழுக்கவில்லையே என்று மேலும் மேலும் முறுக்கியிருக்கிறார்.

தட்டுகள் கொண்டுவந்திருந்தோம். அது பிரச்சினை இல்லை. மேடம் கிளட்ச் ஸ்பிரிங்குகளை எடுத்துத் துடைத்து, வாசல் கல்லின் மேல் வரிசையாக நிறுத்தி, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. சூட்டில் தளர்ந்து குறுகியிருந்தன. தளர்ந்த ஸ்பிரிங் புதுத் தட்டையும் அழுத்திப் பிடிக்காது. ஸ்பிரிங் நாங்கள் கொண்டுவரவில்லை. முகாமுக்கு வந்த வேறெந்த வண்டிக்கும் ஸ்பிரிங் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் அடைப்பு. மரிய சூசை எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பரவாயில்லை மேடம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

மேடம் எழுந்து, வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். அதுவும் அதே மாடல். "அண்ணாச்சி, என் வண்டியக் கழத்துங்க" என்றார்.

நான் தயங்கினேன். அவர் காத்திருக்கவில்லை. தானே ஸ்பானரை எடுத்துத் தன் வண்டியின் ஆயிலை வடிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு இன்ஜின்களும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன. மேடத்தின் வண்டி ஸ்பிரிங்குகளைக் கல்லின் மேல் நிறுத்திப் பார்த்தோம். அணிவகுப்பு மாதிரி ஒரே உயரம். ஊறிய தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, அந்த ஸ்பிரிங்குகளைப் போட்டு, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் ஒரே சீராக இறுக்கினேன். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் தட்டு கோணிக்கொள்ளும். மேடம் பக்கத்தில் இருந்து, "பைய, பைய" என்றுகொண்டே இருந்தார்.

ஆயில் ஊற்றும் முன்பு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எங்கே ஓடுகிறது, எவ்வளவு பாரம், வழியில் எத்தனை இடத்தில் நின்று நின்று போவீர்கள் என்றெல்லாம் கேட்டார். அந்த வண்டியின் புத்தகம் இரண்டு ரகத்தை அனுமதித்திருந்தது. வெயிலும் பாரமும் நின்று நின்று போகும் ஓட்டமும் இருப்பதால், இரண்டில் கெட்டியானதைத் தேர்ந்தெடுத்தார். புத்தகம் சொல்லும் தூரம்வரை காத்திருக்காமல் சீக்கிரமே மாற்றிவிடுங்கள் என்றார். டப்பாவைத் திருப்பி எம்.ஏ. முத்திரையை மரிய சூசைக்கும் ஜெசிந்தாவுக்கும் காட்டினார். ஜெசிந்தா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் போட்டுக்கு வாங்கிய ஆயில் இருக்கிறதே, அவசரத்துக்கு அதை ஊற்றலாமா என்று கேட்டாள்.

"போட்டுக்கு அது ரொம்ப நல்லது. அது போட்டுலயே இருக்கட்டும்" என்றார் மேடம். அதுவரை சிரிக்காத மரிய சூசை அப்போது சிரித்தார்.

சோதித்துப் பார்க்க அந்த நேரத்தில் மீன் இல்லை. ஈர மணலை அள்ளி இரண்டு பெட்டிகளையும் நிரப்பினோம். மரிய சூசை கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பாலத்தின் ஏற்றம்வரை போய் வரச் சொல்லியிருந்தார் மேடம். நாங்கள் மூன்று பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வெகுநேரம் கழித்து இன்ஜின் சத்தம் கேட்டது. இரைச்சல் இல்லாமல், பாரத்தைத் தாங்கிய நிதானமான சத்தம். வந்து நிறுத்தி, காலை ஊன்றியபடியே, "இழுக்கு" என்றார். 

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் புது ஸ்பிரிங்குகளோடு நான் பஸ்ஸில் போய், அங்கேயே விட்டு வந்திருந்த மேடத்தின் வண்டியில் அவற்றை மாட்டி எடுத்து வந்தேன். உப்புக் காற்று படாமல் அதைத் தார்ப்பாயால் மூடி, இரும்பு தெரிகிற இடத்திலெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார் மரிய சூசை. அவர் மறுபடி வியாபாரத்துக்குப் போனார். இரண்டு பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை. முகாம் விஷயத்தால் எங்கள் பேர் கெடவில்லை, புது ஆட்கள்தான் வந்தார்கள். சில வருடம் கழித்து மேடம் பதவி உயர்வில் நாகர்கோவிலுக்குப் போனார். இப்போது பல சென்டர்களுக்கு அவர்தான் பொறுப்பு. எங்கே போனாலும் அந்த வெள்ளைப் பீங்கான் தட்டும் போகிறதாம்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான். நாங்கள் புறப்படும்போது மரிய சூசை ஒரு பையைக் கொண்டுவந்து மேடத்திடம் நீட்டினார். மாமனாரின் போட்டில் அப்போதுதான் வந்த விளமீன். கோமதி மேடம் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத குடும்பம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நல்லா சாப்பிடுவோம்" என்றார். சாப்பிடப் போவது என் வீடு.

என் வண்டியின் முன்கொக்கியில் டூல்ஸ் பை தொங்கியது. அதனால் பின்னால் உட்கார்ந்த மேடம் மீன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஏரல் தாண்டியதுமே ஐஸ் உருகிப் பையிலிருந்து சொட்டத் தொடங்கிவிட்டது. நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், மீன் கெட்டுவிடும், ஓட்டுங்கள் என்றார். செய்துங்கநல்லூருக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய சாம்பல் கோட்டு இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. என் மனைவி பதறிப்போய் சோப்பும் தண்ணீரும் கொடுத்தாள். கையைக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடி கழுவினார். திருநெல்வேலிவரை கொண்டுவந்து விடுகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. காலையிலிருந்து அலைந்திருக்கிறீர்கள், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நிறுத்தத்துக்கு நடந்தார். நானும் கூடவே போனேன்.

பஸ் வந்தது. மேடம் படியில் ஏறியதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்து, அவரை மேலும் கீழும் பார்த்தார். மீன் விற்கிற அம்மா என்று நினைத்துவிட்டார். கூடைக்கும் சேர்த்து டிக்கெட் போட வேண்டுமே என்று, "கூட எங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு வாய் துடித்தது. இவர் யார் தெரியுமா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

மேடம் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கம்பியைப் பிடித்தபடி கண்டக்டரிடம் சொன்னார்: "இல்லண்ணே. எல்லாம் வித்துத் தீந்துட்டு."